‘இந்திய விமானப்படை நாட்’ என்று விற்கிறார்கள், பெட்டிக்குள் இருப்பது வேறு விமானம்

பெங்களூரில் ஸ்கேல் மாடல் (பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டிச் செய்யும் குட்டி மாதிரி) செய்கிற தமிழ் நண்பர்களுக்கு: ‘நாட் போர்விமானம், இந்திய விமானப்படை 1965, 1/48 ஸ்கேல், சீல் பிரிக்காத பெட்டி’ என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1/48 என்றால் நிஜ விமானத்தில் 48ல் ஒரு பங்கு அளவு. விலை 4,800 ரூபாய். வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். உள்ளே இருந்தது அதே நாட்டை ஒட்டிப் பிரிட்டிஷ்காரர்கள் செய்த இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம்.

விற்கிறவர் நம்மிடம் தமிழில்தான் பேசுகிறார். “அண்ணா, நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு பீஸ் எடுத்து வெச்சிருக்கேன்” என்றார். கடை எங்கே என்றால் ஸ்டாக் வீட்டில் இருக்கிறது என்பார். வீடு எங்கே என்றால் கே.ஆர்.புரம் பக்கம் என்பார். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லவில்லை. இந்திராநகர் மெட்ரோ வாசலில் பெட்டியைக் கொடுத்தார், யூபிஐயில் பணம் போனது, பில் கிடையாது. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “சீல் உடைஞ்சா வேல்யூ போயிடும்ண்ணா. உடைச்சா ரிட்டர்னும் எடுக்க மாட்டேன்.” பிரிக்காவிட்டால் உள்ளே என்ன என்று தெரியாது, பிரித்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருடைய வியாபாரமே இந்த ஒரு நிபந்தனையில்தான் ஓடுகிறது.

எனக்கு ஏன் இந்த விமானம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாட், பிரிட்டனின் ஃபோலண்ட் கம்பெனி வடிவமைத்த குட்டி விமானம். 1955ல் முதலில் பறந்தது. பிரிட்டன் அதைப் போர்விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம். உரிமம் வாங்கி இங்கேயே, அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் கட்டினார்கள். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் போர்விமானங்களை வீழ்த்தி ‘சேபர் ஸ்லேயர்’ என்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் தனியாக நின்று போரிட்டு வீழ்ந்த நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நாட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. என் மாமனார் அந்த நாட் வேலையில் ஃபிட்டராக இருந்தவர், இப்போது விமானபுராவில் ஓய்வாக இருக்கிறார். அவருக்கு ஒன்று செய்து கொடுக்கலாம் என்று ஆசை.

பெட்டியை அவர் வீட்டில் வைத்தே பிரித்தேன். உடல்பகுதியின் ஒரு பாதியைக் கையில் எடுத்தவர் மூக்கிலிருந்து கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். “மாப்பிள்ளை, இதுல பீரங்கி எங்க?” என்றார். நாட் போர்விமானத்தில் காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்திலேயே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் உண்டு. குண்டு வெளியே வருகிற பள்ளம் அங்கே தெரிய வேண்டும். இதில் மொழுமொழு என்று இருந்தது. அப்புறம் கண்ணாடி மூடியை எடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்காருகிற நீளம். சந்தேகத்துக்கு ஸ்கேலை வைத்து அளந்தோம். ஒற்றை இருக்கை நாட் விமானத்தின் நீளம் சுமார் 8.7 மீட்டர், 1/48ல் 18 சென்டிமீட்டர் வரும். எங்கள் கையில் இருந்தது 20 சென்டிமீட்டருக்குப் பக்கம். பயிற்சி விமானம் சுமார் 9.7 மீட்டர். கணக்கு சரியாக அதில்தான் போய் உட்கார்ந்தது. இறக்கையும் வாலும்கூட அதில் பெரியவை, எனவே பின் இருக்கையை அடைத்துப் புட்டி பூசி ஒப்பேற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் இருந்த படம் ஒட்டிய லேபிள். மூலையில் கொஞ்சம் உரித்தால் அடியில் சிவப்பு விமானம். பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை ஓட்டிய அதே பயிற்சி விமானத்தின் கிட்தான். அந்தக் கிட் நல்ல கிட், அதைச் செய்த கம்பெனிமேல் எந்தக் குறையும் இல்லை. அதன் சொந்தப் பெயரிலேயே விற்க வேண்டிய கிட் அது.

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது டீகால் தாள், அதாவது தண்ணீரில் ஊறவைத்து மாடல் மேல் ஒட்டுகிற சின்னங்களின் தாள். அசல் டீகாலை எடுத்துவிட்டு, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்த ஒன்றை வைத்திருக்கிறார். தேவைப்படாத ஒரு விமானப்படை வட்டச் சின்னத்தை வெட்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். வெளிவட்டத்துக் காவி மெல்லக் கரைந்து நடுவில் இருந்த பச்சையோடு கலந்து, தண்ணீரே அழுக்கு நிறமாகிவிட்டது. மிச்சத்தை எடுத்து வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒரு துண்டு மேல் வைத்தால் நடுவே வெள்ளை வளையத்தையே காணோம். சாதாரண இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை வரவேண்டிய இடம் வெறும் கண்ணாடி மாதிரி விடப்படும், தாளில் இருக்கும்வரை தாளின் வெள்ளைதான் தெரியும். அசல் டீகாலில் வெள்ளை தனியாக அச்சாகியிருக்கும். வெள்ளி நிற நாட் விமானத்துக்கு இந்தத் தாள் எதற்கும் உதவாது.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில் “இந்தியாவுலயும் ட்ரெயினர் இருந்துச்சேண்ணா” என்றார். பிரிட்டிஷ் ட்ரெயினரை நம் விமானப்படை வாங்கவே இல்லை. நாட் விமானத்திலிருந்து எச்.ஏ.எல். உருவாக்கிய அஜீத் விமானத்துக்குத்தான் ஒரு ட்ரெயினர் செய்து பார்த்தார்கள், அது 1982ல். 1965க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்து, “நான் கடைக்காரன் இல்லண்ணா, ஹாபிக்காரன், கிடந்ததை வித்தேன்” என்றார். அதற்குப் பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். வாரா வாரம் புதுப் பெட்டி போடுகிறவர் வீட்டில் கிடந்ததை விற்கிறவர் ஆகமாட்டார்.

1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் பதிந்தேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொன்னேன். பணம் இன்னும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இப்போது வேறு பெயரில் ஒரு பக்கம் திறந்து ‘எச்.எஃப்.24 மாருத், அரிய பெட்டி’ என்று போட்டிருக்கிறார். மாருத்தும் எச்.ஏ.எல். கட்டிய போர்விமானம்தான். அதே மேஜை விரிப்பு, அதே மாதிரி ஓரம் சுருங்கிய பிளாஸ்டிக் உறை. ஹேர் டிரையரால் சூடு காட்டிச் சுருக்கினால் மூலைகள் அப்படித்தான் கசங்கும். படத்தில் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை (ஸ்ப்ரூ) பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீலைக் காரணம் காட்டி மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள். யூபிஐ ரசீது, சாட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். ரசீதில் வருகிற பெயரை இங்கே எழுதாமல் தனியாக எனக்கு அனுப்புங்கள். ஒரே பெயர்தான் என்றால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.