மெத்தில்பெனிடேட்டா, ஆம்பெட்டமினா? ஏடிஎச்டி மருந்துகளில் எது யாருக்கு

கவனம் சிதறுதல், பரபரப்பு, அவசரம் எனப் படுத்தும் ஏடிஎச்டி கோளாறுக்கு மருந்து தொடங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எது ஸ்ட்ராங்?" என்றுதான். எனக்கு அது இரண்டாம்பட்சக் கேள்வியாகவே படுகிறது. நாளின் எந்தப் பொழுதுக்கு மருந்து தேவை, கூடவே வேறு என்னென்ன மருந்து உள்ளே போகிறது, இந்த இரண்டும் தெளிவானால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

மூளையைத் தூண்டும் ஸ்டிமுலன்ட் மருந்துகளில் குடும்பங்கள் இரண்டு. ரிட்டாலின், கான்செர்ட்டா போன்றவை மெத்தில்பெனிடேட் வகை. அடெரால், வைவான்ஸ் ஆகியவை ஆம்பெட்டமின் வகை. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான டோபமினும் நார்அட்ரினலினும் வெளியே வந்தபின் நரம்புச் செல்லுக்குள் திரும்பிப் போவதை மெத்தில்பெனிடேட் தடுக்கிறது. ஆம்பெட்டமின் அதோடு நிற்பதில்லை. செல்லுக்குள் புகுந்து, சேமிப்பில் இருப்பதையும் வெளியே தள்ளுகிறது. அதனால் ஒன்றில் 20 மில்லிகிராம் எடுத்தவர் மற்றதிலும் 20 என்று மாறிக்கொள்ள முடியாது. மாறினால் டோஸை மருத்துவர் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

எது மேல்? 2018ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 133 ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அலசல் வந்தது. பலனையும் தாங்கும் தன்மையையும் சேர்த்துப் பார்த்து, சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் மெத்தில்பெனிடேட், பெரியவர்களுக்கு ஆம்பெட்டமின் என்று முதல் தேர்வைப் பிரித்துச் சொன்னது. ஆனால் அது 12 வாரத்தை ஒட்டிய கணக்கு, அதுவும் சராசரி. ஒரு மருந்துக் குடும்பம் ஒத்துவராதவருக்கு மற்றது நன்றாக வேலை செய்வது சாதாரணம்.

அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரிவது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில்தான். சாதாரண மெத்தில்பெனிடேட் மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும், நடுவில் மறந்தால் அந்தப் பொழுது போச்சு. ஆனால் ஒத்துக்கொள்ளாவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். பரிசோதித்துப் பார்க்க இதுவே வசதி. கான்செர்ட்டா வகை நீண்ட நேர மாத்திரை, மருந்தில் 22 சதவீதத்தை மேல்பூச்சிலிருந்து உடனே விட்டு, மீதியை மெல்ல மெல்லத் தள்ளி 10 முதல் 12 மணி நேரம் ஓட்டும். அதன் வெற்று ஓடு மலத்தில் முழுசாக வரும். பயப்பட வேண்டாம், மருந்து உடம்பில் சேர்ந்திருக்கும்.

வைவான்ஸில் இருக்கும் லிஸ்டெக்ஸ்ஆம்பெட்டமின் வேறு ரகம். விழுங்கும்போது அது செயலற்றது. ரத்தச் சிவப்பணுக்களில் உடைந்த பிறகே மருந்தாகிறது, 13, 14 மணி நேரம் வரை நிற்கலாம். ஏற்றமும் இறக்கமும் மென்மையாக இருப்பதாகப் பலர் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் மதியத்துக்கு மேல் போட்டால் இரவுத் தூக்கத்தை மறந்துவிடலாம். இதன் கேப்சூலைத் திறந்து தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம். கான்செர்ட்டா வகையை உடைக்கவோ கடிக்கவோ கூடவே கூடாது. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் மொத்தமாக உடம்பில் சேர்ந்துவிடும்.

பக்கவிளைவுகள் பெரும்பாலும் இரு மருந்துக் குடும்பங்களுக்கும் பொதுச் சொத்து: பசியின்மை, தூக்கக் குறைவு, தலைவலி, வயிற்றுவலி, வாய் வறட்சி, கொஞ்சம் கூடும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும். காலை உணவை முடித்துவிட்டு மாத்திரை போடுவதும், மருந்து இறங்கிய பிறகு இரவில் நன்றாகச் சாப்பிடுவதும் கைகொடுக்கும். குழந்தைகளுக்கு உயரமும் எடையும் குறித்துக்கொண்டே வர வேண்டும். மாலையில் மருந்து இறங்கும்போது வரும் எரிச்சலை "மருந்தே ஒத்துக்கலை" என்று முடிவுகட்டுவதற்கு முன், நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வித்தியாசம் தெரியும் ஓர் இடம், இல்லாத குரல் கேட்பது போன்ற மனநோய் அறிகுறி. 2019ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 13 முதல் 25 வயதுக்காரர்களில் சுமார் 660 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது வந்தது. ஆம்பெட்டமின் பக்கம் ஏறக்குறைய இரு மடங்கு. அரிதுதான். ஆனாலும் குடும்பத்தில் மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்தால் நான் மெத்தில்பெனிடேட் பக்கமே சாய்வேன். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது, மணிக்கணக்கில் இறங்காத வலியுள்ள ஆணுறுப்பு விறைப்பு: இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

மருந்தோடு மருந்து மோதும் விஷயத்தில் மெத்தில்பெனிடேட் கொஞ்சம் சாது. கல்லீரலில் பல மருந்துகள் போட்டிபோடும் பாதையை அது பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. கார்பமசெபின் அதன் அளவைக் குறைக்கக்கூடும், வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஆம்பெட்டமினிலோ ஃப்ளூஆக்செடின், பராக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அளவை ஏற்றலாம், செரட்டோனின் மிகைப்பு அபாயமும் உண்டு. சிறுநீர் காரமானால் ஆம்பெட்டமின் வெளியேறாமல் தங்கும், அமிலமானால் சீக்கிரம் போய்விடும். சோடா உப்புள்ள அமில நீக்கியை அடிக்கடி சாப்பிடுகிறவர் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மனச்சோர்வு போன்றவற்றுக்குத் தரப்படும் எம்ஏஓ தடுப்பான்கள் என்ற மருந்து வகை இரண்டுக்குமே ஆகாது. அவற்றை நிறுத்தி 14 நாள் ஆகாமல் இந்த மருந்துகளைத் தொடக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கான லினசோலிடுக்கும் அதே குணம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரினும் அளவுமீறிய காபியும் படபடப்பைக் கூட்டும். மது வேண்டாம்: போதை ஏறியது தெரியாமல் போகும், சில நீண்ட நேர கேப்சூல்கள் மதுவில் வேகமாகக் கரைந்தும் விடும்.

மிச்சமாத்திரையை நண்பருக்குக் கொடுப்பது உதவி ஆகாது. தவறான பயன்பாடு, அடிமையாதல் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை (மருந்துக் குறிப்பில் கட்டத்துக்குள் வரும் கடுமையான எச்சரிக்கை) அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023ல் இரு குடும்பங்களுக்கும் ஒரே மாதிரி ஆக்கியது. அந்த நண்பரின் இதயம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது.

இரண்டுமே வேண்டாம் என்றால், ஸ்டிமுலன்ட் அல்லாத ஆட்டமாக்செடின் இருக்கிறது. பலன் தெரிய வாரங்கள் ஆகும், சராசரியில் வலிமையும் குறைவு. ஆனால் அடிமையாகும் பயம் இல்லை, விளைவு நாள் முழுக்க நிற்கும். நாடித்துடிப்பை இதுவும் ஏற்றும், ஃப்ளூஆக்செடினும் பராக்செடினும் இதன் அளவையும் கூட்டும். குழந்தைகளிடம் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று முதல் மாதங்களில் கவனிக்க வேண்டும். முன்பு போதைப்பழக்கம் இருந்தவருக்கு நான் இதிலிருந்தே பேச்சைத் தொடங்குவேன்.