பாஸ்டனா, பிராவிடன்ஸா? பியூரிட்டன்கள் விட்டுச்சென்ற இரு அமெரிக்காக்கள்

உலகுக்கே தாங்கள் முன்மாதிரி என்ற அமெரிக்கர்களின் எண்ணத்தில், மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரோப் 1630-இல் கையாண்ட ‘மலைமேல் நகரம்’ என்ற விவிலிய உருவகம் இன்றும் ஒலிக்கிறது. கென்னடியும் ரீகனும் அதை எடுத்தாண்டார்கள். பாஸ்டனை மையமாகக் கொண்ட அவரது குடியேற்றம், இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுடையது. அது கல்வியை உயிராக மதித்தது. 1636-இல் ஹார்வர்ட் பிறந்தது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை வைத்தே தீரவேண்டும் என்று 1647-இல் சட்டம் வந்தது. பைபிளை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டுமே! ஆனால் 1659 முதல் அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். மறு ஆண்டே, குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டையரை பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். இதை எந்தக் கல்விப் பெருமையும் ஈடுசெய்யாது.

மதபோதகர் ரோஜர் வில்லியம்ஸ் பாஸ்டன்காரர்களைவிடத் தீவிரமான பியூரிட்டன். மத விஷயத்தில் அரசு தலையிடுவது மதத்தையே கெடுக்கும் என்றார், நாடுகடத்தப்பட்டார். நரகான்செட் பழங்குடியினரிடம் நிலம் பெற்று, 1636-இல் பிராவிடன்ஸை அமைத்தார். பிராவிடன்ஸை உள்ளடக்கிய ரோட் ஐலண்ட் குடியேற்றத்தின் 1663 சாசனம் மதச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. அங்குள்ள நியூபோர்ட்டில் யூதர்கள் 1763-இல் திறந்த தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.

பேச்சுமேடையில் வென்றது பாஸ்டன். ஆனால் நாட்டின் அரசியல் சாசனம் 1791-இல், முதல் திருத்தத்தின் மூலம், ஏற்றது மதத்தில் அரசு தலையிடாத பிராவிடன்ஸின் வழியை. என் மதிப்பும் அதற்கே. மாசசூசெட்ஸிலோ தேவாலய வரி 1833 வரை நீடித்தது.