விலான் தாண்டும் மல்டிகாஸ்ட்: எம்விஆரா, பிம்மா?

ஒரே ஸ்ட்ரீமைக் கேட்பவர்களுக்கெல்லாம் சேர்த்து அனுப்புவது மல்டிகாஸ்ட். ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு விலான் (VLAN). வீடியோ அனுப்பும் என்கோடர் ஒரு விலானில். அதைக் காட்டும் டிவி பெட்டிகள் வேறு நான்கு விலான்களில். விலான் தாண்டிப் படத்தைக் கொண்டுபோக இரண்டு வழி: ஸ்விட்ச்சே ஸ்ட்ரீமை மற்ற விலான் போர்ட்டுகளில் இறக்கும் எம்விஆர் (MVR), விலான்களுக்கிடையே மல்டிகாஸ்டை ரவுட் செய்யும் பிம் (PIM). எட்டு மாதம் எம்விஆரில் ஓட்டிவிட்டு, அப்புறம் மொத்தத்தையும் பிம்முக்கு மாற்றியவன் நான். ஆகவே என் ஓட்டு பிம்முக்குத்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாரையும் ஒரே விலானில் போட்டால் வேலை முடிந்ததே என்பவர்கள், விலான் எதற்காகப் பிரித்தோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போடலாம்.

எம்விஆருக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மல்டிகாஸ்டுக்கென்று தனி விலான் ஒன்று. என்கோடர் பக்கத்துப் போர்ட் சோர்ஸ், பெட்டி செருகிய போர்ட் ரிசீவர். பெட்டி சேனல் கேட்டதும், அது இருக்கும் விலானை மாற்றாமலே ஸ்விட்ச் அந்த ஸ்ட்ரீமை அந்தப் போர்ட்டில் இறக்கிவிடும். ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்தும் ரவுட்டிங்கே கிடையாது, அதைச் செய்யும் லேயர் 3 ஸ்விட்ச்சும் தேவையில்லை. ஸ்விட்ச்சை மேலே இணைக்கும் அப்லிங்கிலும் ஒரு சேனலுக்கு ஒரு பிரதிதான் போகும். பிம்மில் அப்படி இல்லை, விலானுக்கு ஒரு பிரதி. 8 எம்பிபிஎஸ் சேனல் ஒன்றை நான்கு விலான்களில் பார்த்தால், பல விலான்களைச் சுமந்து கீழே போகும் டிரங்க் இணைப்பில் 32 எம்பிபிஎஸ். என்னுடையது ஜிகாபிட் டிரங்க், சேனலும் குறைவு, அதனால் கவலைப்படவில்லை.

சரி, பிறகு ஏன் மாறினேன்? எம்விஆரில் அமைப்பு போர்ட்டில் இருக்கிறது, பிம்மில் விலானில் இருக்கிறது. அவ்வளவுதான். காகிதத்தில் சின்ன விஷயம். ஆனால் மனிதர்கள் மேசையை நகர்த்துவார்கள். ஒரு வார இறுதியில் யாரோ அறையை மாற்றி அடுக்கினார்கள். திங்கட்கிழமை காலை மூன்று பெட்டிகளில் கறுப்புத் திரை. போர்ட் விளக்கு பச்சை, ஐபி கிடைத்திருக்கிறது, பிங் போகிறது, விலானும் சரி. படம் மட்டும் இல்லை. உடன் வேலை செய்யும் தம்பி கேபிளை மாற்றினார், பெட்டியையே மாற்றினார். மதியம்தான் தெரிந்தது: புதிதாகச் செருகிய போர்ட்டுகளில் ரிசீவர் என்ற அந்த ஒரு வரி இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இதே கதை இன்னும் நான்கு முறை. பழுதான ஸ்விட்ச்சை மாற்றியபோது விட்டுப்போன போர்ட்டுகள் தனிக் கணக்கு.

பிம்மில் மல்டிகாஸ்ட் ரவுட்டிங்கை இயக்கி, ஒவ்வொரு விலான் இன்டர்ஃபேஸிலும் கேட்டவருக்கு மட்டும் அனுப்பும் ஸ்பார்ஸ் மோடை ஒருமுறை இயக்கி, ஆர்பி (அனுப்புபவரும் கேட்பவரும் சந்திக்கும் ரவுட்டர்) முகவரி ஒன்றைக் கொடுத்தால் போதும். அந்த விலானில் எந்தப் போர்ட்டில் செருகினாலும் படம் வரும். யாருக்கு எந்தச் சேனல் வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் க்வெரியர் வேலையையும் அந்த இன்டர்ஃபேஸே பார்த்துக்கொள்ளும். க்வெரியர் இல்லாத விலானை அடையாளம் காண்பது எளிது: படம் நாலு நிமிடம் அழகாக ஓடும், பிறகு நின்றுபோகும். எந்தப் போர்ட்டுக்கு எந்தச் சேனல் என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும் ஸ்னூப்பிங் பட்டியலில் ஒரு பதிவின் ஆயுள் வழக்கமாக 260 நொடி. கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் அது காலாவதியாகிவிடும்.

பிம் என்னை அழவைக்காமல் விடவில்லை. மாற்றிய அன்று என்கோடரின் விலானுக்குள் படம் தெரிந்தது, வெளியே எங்கும் இல்லை. ஆர்பியைச் சந்தேகித்தேன், போக்குவரத்தை வடிகட்டும் ஏசிஎல் விதிகளைக் கழற்றினேன், அரை நாள் போனது. கடைசியில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் டிடிஎல் 1. ஒவ்வொரு ரவுட்டிங்கிலும் ஒன்று குறையும் ஆயுள் எண் அது. மல்டிகாஸ்ட் அனுப்பும் மென்பொருள்களில் பலவும் எதுவும் சொல்லாவிட்டால் 1 என்றே அனுப்பும். முதல் ரவுட்டிங்கிலேயே பாக்கெட் செத்துவிடும். எம்விஆரில் ரவுட்டிங் இல்லாததால் எட்டு மாதமும் இது வெளியே தெரியவே இல்லை. என்கோடரில் 16 ஆக்கினேன், படம் வந்துவிட்டது. என்கோடரின் டிடிஎல்லை மாற்றவே வழியில்லை என்றால் பிம்மைத் தொடாதீர்கள், எம்விஆர்தான் உங்களுக்கு.

பெட்டி இருக்கும் போர்ட்டுகளில், செருகியதும் போர்ட்டைக் காக்கவைக்காமல் இயக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுவது இரண்டு வழிக்கும் பொது. இல்லாவிட்டால் பெட்டியை அணைத்து ஏற்றும்போதெல்லாம் நெட்வொர்க் அமைப்பே மாறியதுபோல் டோபாலஜி மாற்றம் என்ற அறிவிப்பு கிளம்பி, பல ஸ்விட்ச்சுகள் கொஞ்ச நேரம் மல்டிகாஸ்டை எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். பெட்டி சேனலை விட்டதும் அந்தப் போர்ட்டில் ஸ்ட்ரீமை உடனே நிறுத்தும் இம்மீடியட் லீவை ஒரு போர்ட்டுக்கு ஒரு பெட்டி என்றால் மட்டும் போடுங்கள். பின்னால் குட்டி ஸ்விட்ச் வைத்து இரண்டு பெட்டி செருகியிருந்தால், ஒருவர் சேனல் மாற்றியதும் மற்றவருக்கும் படம் போய்விடும்.

நான் பார்த்தது ஒரே ஒரு கட்டடம், சில டஜன் பெட்டிகள். வீடு வீடாக இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு போர்ட், அது நகரவும் நகராது. எம்விஆர் அந்த மாதிரி இடத்துக்காகவே வந்தது, அங்கே என் புகார் செல்லாது. மேசை நகரும் இடத்தில் மட்டும்தான் நான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.