சிறை வாசலா, ஆளுநர் மேசையா? அமெரிக்காவில் ஓட்டுரிமை திரும்பும் வழிகள்

2024 நவம்பர் 5 அன்று டொனால்ட் ட்ரம்ப் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் ஓட்டுப் போட்டார். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் நியூயார்க்கில் ஒரு ஜூரி அவரை 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருந்தது. முப்பத்து நான்குமே ஃபெலனி, அதாவது கடுங்குற்ற வகை. ஃபெலனித் தண்டனை பெற்றவர்களுக்கு ஓட்டுத் தருவதில் ஃபுளோரிடா பெயர் பெற்ற கறார்க்கார மாநிலம். அப்புறம் எப்படி?

வெளிமாநிலத்தில் தண்டிக்கப்பட்டவர் என்றால், அந்த மாநிலத்து விதியையே ஃபுளோரிடா ஏற்றுக்கொள்ளும். நியூயார்க் விதிப்படி சிறைக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் ஓட்டு இல்லை. வெளியே இருப்பவர் போடலாம். அதே தெருவில், ஃபுளோரிடா நீதிமன்றத்திலேயே ஏதோ ஒரு மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால், அவர் கண்காணிப்புக் காலத்தை முடித்து, தீர்ப்பில் எழுதிய நீதிமன்றக் கட்டணத்தைக் கடைசி டாலர் வரை கட்டிவிட்டுத்தான் வாக்குச்சாவடிப் பக்கம் போக முடியும்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 14-வது திருத்தத்தின் இரண்டாவது பிரிவில், கலகத்திலோ வேறு குற்றத்திலோ ஈடுபட்டவர்களின் ஓட்டைப் பறிப்பதற்கு இடம் விடும் சில சொற்கள் உண்டு. 1974-ல் ரிச்சர்ட்சன் எதிர் ராமிரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு, மாநிலங்கள் ஓட்டைப் பறிக்கலாம், தண்டனை முடிந்த பிறகும் தராமல் இருக்கலாம் என்றது. அதிலிருந்து மாநிலத்துக்கு ஒரு விதி. இந்த விஷயத்தைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் சென்டென்சிங் ப்ராஜெக்ட் அமைப்பின் 2024 மதிப்பீட்டின்படி, ஃபெலனித் தண்டனையால் ஓட்டில்லாமல் இருப்பவர்கள் சுமார் 40 லட்சம் பேர். கறுப்பினத்தவரில் 22 பேருக்கு ஒருவர்.

மூன்று சொற்களை முதலில் தெளிவாக்கிவிடலாம். ஃபெலனி என்பது பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கொலையும் அதில் அடக்கம், போலிக் கையெழுத்தும் அடக்கம். பரோல் என்றால் தமிழ்ச் செய்திகளில் சில நாள் விடுப்பு. அமெரிக்காவில் அது தண்டனையின் மிச்சக் காலத்தை வெளியே, கண்காணிப்பில் கழிப்பது. சிறைக்கு அனுப்பாமலோ, கொஞ்ச நாள் அனுப்பிவிட்டோ நீதிமன்றம் போடும் கண்காணிப்புக்குப் பெயர் ப்ரொபேஷன்.

இந்த விதிகளை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். தனக்கு இன்று ஓட்டு உண்டா என்று அந்த மனிதருக்கும், பதிவேட்டை வைத்திருக்கும் கிளார்க்குக்கும் சந்தேகமில்லாமல் தெரிகிறதா? கருணை, நியாயம், பாவமன்னிப்பு எல்லாம் முக்கியம்தான். ஆனால் தெரியாமல் போட்ட ஓட்டே புது வழக்காக மாறும் நாட்டில், இந்தக் கேள்விக்கு முதலிடம் கொடுக்கிறேன்.

பறிக்கவே பறிக்காத மாநிலங்கள்

மேய்ன், வெர்மான்ட் இரண்டும் சிறைக்குள் இருப்பவரின் ஓட்டையும் பறிப்பதில்லை. 2020-லிருந்து தலைநகர் வாஷிங்டனும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கைதிக்குத் தபால் ஓட்டு.

சிறைச்சாலை இருக்கும் சின்ன ஊரின் நிர்வாகத்தைக் கைதிகள் சேர்ந்து பிடித்துவிட மாட்டார்களா என்று பலர் கேட்பார்கள். நடக்காது. கைதியின் ஓட்டு அவர் சிறைக்கு வருமுன் வசித்த ஊரில்தான் விழும். வேடிக்கை என்னவென்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் கைதியைச் சிறை இருக்கும் ஊர்க்காரராகவே எண்ணுகிறது. இதைச் சட்டத்தால் சரிசெய்யாத மாநிலங்களில், ஓட்டுப் போட முடியாதவர்களின் தலைக்கணக்கு அந்தத் தொகுதியின் எடையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

தெளிவு என்ற அளவுகோலில் இவற்றுக்கு முழு மதிப்பெண். ஆனால் அரசியலில் இது நிற்பது கடினம். மாசசூசெட்ஸ் கைதிகளும் ஒரு காலத்தில் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1997-ல் நார்ஃபோக் சிறைக்கைதிகள் அரசியல் குழு ஒன்றைத் தொடங்கியதும் வந்தது வினை. 2000-ல் மாநில மக்களே வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்தி, அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். 2019-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக் குற்றவாளிக்குக்கூட ஓட்டு இருக்க வேண்டும் என்று பொதுமேடையில் சொன்னபோது ஜனநாயகக் கட்சிக்காரர்களே நெளிந்தார்கள்.

வாசலைத் தாண்டினால் ஓட்டு

இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த வழியில் இருக்கின்றன. சிறைக்குள் இருக்கும்வரை இல்லை. வெளியே வந்த அன்றே உண்டு. 2023-ல் மின்னசோட்டாவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்துகொண்டன.

இதன் அழகே இதைச் சரிபார்க்க ஃபைல் வேண்டாம் என்பதுதான். வாக்குச்சாவடிக்கு ஒருவர் நடந்து வந்து நிற்கிறார் என்றாலே அவர் சிறைக்கு வெளியே இருக்கிறார். எந்தப் பிரிவில் தண்டனை, எவ்வளவு பாக்கி, கண்காணிப்பு அதிகாரி யார் என்று எதையும் தோண்ட வேண்டியதில்லை. தண்டனை என்ற ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு: உள்ளே இருந்த காலம் முழுக்க உரிமை இல்லை. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஒளிக்கவில்லை.

கண்காணிப்பும் முடியட்டும்

இன்னும் சில மாநிலங்கள் பரோல், ப்ரொபேஷன் எல்லாம் முடிந்த பிறகே ஓட்டு என்கின்றன. இதற்குப் பின்னால் இருக்கும் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பரோலில் இருப்பவர் இன்னும் தண்டனையில்தான் இருக்கிறார். நினைத்த இடத்துக்குப் போக முடியாது, தவறினால் மறுபடி உள்ளே. கணக்கு முடியாதவருக்கு ரசீது எப்படித் தருவது? சட்டத்துக்குக் கட்டுப்படாதவர், மற்றவர்களுக்குச் சட்டம் செய்பவரைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற பழைய கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது.

சிக்கல் நடைமுறையில். வெளியே வேலைக்குப் போய், வரி கட்டி, பிள்ளையைப் பள்ளியில் விடும் ஒருவர் கண்காணிப்பில் இருக்கிறாரா என்பது பார்த்தால் தெரியாது. கண்காணிப்புக் காலம் நீட்டிக்கப்படலாம். முடியும் நாளை அவரே தவறாகக் கணக்கிடலாம். கலிஃபோர்னியாவில் 2020 வரை ப்ரொபேஷனில் இருந்தால் ஓட்டு உண்டு, பரோலில் இருந்தால் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் ஓட்டே வேண்டாம் என்று வீட்டில் இருந்திருப்பார்கள்! அந்த ஆண்டு மக்கள் வாக்களித்துப் பரோலில் இருப்பவர்களுக்கும் ஓட்டைத் தந்தார்கள்.

பணம் கட்டிவிட்டு வா

ஃபுளோரிடா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 வரை அங்கே எல்லாம் ஆளுநரும் மூன்று அமைச்சரவை உறுப்பினர்களும் அடங்கிய கருணை வாரியத்தின் கையில். மனு போட்டவர் மாநிலத் தலைநகர் டலஹாசியில் அவர்கள் முன் நின்று, தான் திருந்திவிட்டதைச் சில நிமிடத்தில் சொல்ல வேண்டும். இதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது, நாங்கள் நினைத்ததைச் செய்யலாம் என்று ஆளுநர் ரிக் ஸ்காட் ஒரு விசாரணையில் வெளிப்படையாகவே சொன்னார். அவருக்கு முன் இருந்த சார்லி கிறிஸ்ட் நான்கு ஆண்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு உரிமையைத் திருப்பித் தந்திருந்தார். ஸ்காட் எட்டு ஆண்டில் தந்தது சுமார் மூவாயிரம் பேருக்கு. மக்கள் மாறவில்லை, மேசைக்குப் பின்னால் இருந்தவர் மாறினார், அவ்வளவுதான்.

2018 நவம்பரில் மாநில அரசியல் சட்டத்துக்கான நான்காவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. தானும் தண்டனை பெற்றவரான டெஸ்மண்ட் மீட் முன்னின்று நடத்திய இயக்கம் அது. 60 சதவீதம் தேவை. ஏறத்தாழ 65 கிடைத்தது. கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவர்களுக்குத் தண்டனை முடிந்ததும் ஓட்டு தானாகத் திரும்பும். பயன்பெறுவோர் 14 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அடுத்த ஆண்டே சட்டமன்றம் 'தண்டனை முடிந்தது' என்றால் என்ன என்று விளக்கம் எழுதியது: அபராதம், நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு எல்லாம் கட்டியாக வேண்டும். இழப்பீடு சரி. திருடியதைத் திருப்பிக் கொடு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் கட்டணம் வேறு சரக்கு. ஃபுளோரிடா தன் நீதிமன்ற அலுவலகங்களைப் பெரும்பாலும் இந்தக் கட்டணங்களை வைத்துத்தான் நடத்துகிறது. கட்ட வழியில்லை என்று நீதிபதியே பாக்கியைச் சிவில் கடனாக மாற்றியிருந்தாலும், ஓட்டு விஷயத்தில் அது கட்டாத பாக்கிதான். இதைவிட மோசம், யார் எவ்வளவு பாக்கி என்று சொல்லும் ஒரே பட்டியல் மாநிலத்திடம் இல்லை. பழைய வழக்கென்றால் மாவட்ட கிளார்க் அலுவலகத்தில் ஒரு தொகை, வேறு பதிவேட்டில் வேறு தொகை.

ஓட்டுக்கு விலை வைக்கும் ஏற்பாடு இது என்று மாவட்ட நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் 2020-ல் அடித்துத் தள்ளினார். அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-4 என்று சட்டத்தைக் காப்பாற்றிவிட்டது. 2022 ஆகஸ்ட்டில் ஆளுநர் ரான் டிசான்டிஸ், சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 20 பேர் மீது நடவடிக்கை என்று அறிவித்தார். கொலை அல்லது பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள்; எனவே திருத்தத்தின் பலன் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையை அனுப்பியதே அரசாங்கம்தான். பிறகு வெளியான போலீஸ் கேமரா காட்சிகளில், கைவிலங்கோடு நிற்கும் ஒருவர் போலீஸ்காரரிடம், எனக்கு ஓட்டில்லை என்றால் ஏன் போட விட்டார்கள் என்று கேட்கிறார். போலீஸ்காரரிடமும் பதில் இல்லை.

ஆளுநரின் பேனா

வர்ஜீனியாவில் ஃபெலனித் தண்டனை என்றால் ஓட்டு போனதுதான். ஆளுநர் தந்தால் உண்டு. 2016 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் ஒரே ஆணையில் சுமார் 2,06,000 பேருக்குத் தந்தார். மொத்தமாகத் தரக்கூடாது, ஒவ்வொருவராகத்தான் என்று மாநில உச்ச நீதிமன்றம் ஜூலையில் ரத்து செய்தது. மனிதர் சளைக்காமல் தனித்தனி ஆணைகளாக வெளியிட ஆரம்பித்தார். 2021-ல் ரால்ஃப் நார்தம், சிறையிலிருந்து வந்தாலே தருகிறேன் என்றார். அடுத்து வந்த க்ளென் யங்கின் மறுபடி மனு போடு, ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன் என்றார்.

கென்டக்கியில் 2015 நவம்பரில் ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் பதவியை விட்டுப் போகும்போது ஆணை போட்டார்; அடுத்தவர் அடுத்த மாதமே நிறுத்தினார்; 2019-ல் பெஷியரின் மகன் ஆண்டி ஆளுநராகி மறுபடி ஆணை போட்டார்.

ஐயோவாவில் 2005-ல் கொடுத்தார்கள், 2011-ல் எடுத்தார்கள், 2020-ல் கொடுத்தார்கள். எடுத்தவரும் கடைசியாகக் கொடுத்தவரும் ஒரே கட்சி என்பதால் கட்சிச் சண்டை என்றும் ஒதுக்கிவிட முடியாது. அங்கே ஒரு பெண். 2008-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தபோது, கண்காணிப்பு முடிந்ததும் ஓட்டு தானாக வந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். அன்றைக்கு அது சரியான ஆலோசனை. அவருடைய கண்காணிப்பு முடிவதற்குள் ஆணை மாறிவிட்டது. யாரும் வந்து சொல்லவில்லை. 2013-ல் உள்ளூர்த் தேர்தலில், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டார். பொய்ச் சத்தியம் செய்ததாக வழக்கு வந்தது. 2014-ல் ஜூரி அவரை விடுவித்தது.

சட்டமன்றத்தின் கையில் விடுவது இதைவிட அபத்தம். மிசிசிப்பியில் ஒருவருக்கு ஓட்டு திரும்ப வேண்டும் என்றால் அவர் பெயரிலேயே மசோதா கொண்டுவந்து, இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாங்க வேண்டும் (ஆளுநரின் மன்னிப்பு இன்னொரு வழி). ஓட்டைப் பறிக்கும் குற்றங்களின் பட்டியல் 1890-ல், கறுப்பினத்தவரின் ஓட்டை ஒழிக்கவே கூடிய சபையில் எழுதப்பட்டது. அதில் திருட்டு இருந்தது, இருதார மணம் இருந்தது. கொலையும் பாலியல் வன்முறையும் 1968-ல்தான் சேர்ந்தன. இதே மாதிரி நோக்கத்தோடு 1901-ல் அலபாமா எழுதிய பிரிவை உச்ச நீதிமன்றம் 1985-ல் தள்ளுபடி செய்தது. மிசிசிப்பியின் பட்டியல் மட்டும் வழக்குகளைத் தாண்டி நிற்கிறது.

ஓட்டோடு வரும் மற்றவை

குடிமை உரிமைகள் என்றால் ஓட்டு மட்டுமல்ல. ஜூரியில் உட்காருவது, பதவிக்குப் போட்டியிடுவது, துப்பாக்கி வைத்திருப்பது எல்லாம் ஒரே மூட்டை. பதவி விஷயம் சுலபம்: குடியரசுத் தலைவர் பதவிக்குத் தண்டனை ஒரு தடையே இல்லை. 1920-ல் சோஷலிஸ்ட் கட்சியின் யூஜீன் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே போட்டியிட்டு ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். ஜூரி விஷயத்தில் பெரும்பாலான மாநிலங்கள் தடை வைத்திருக்க, மேய்ன் வைக்கவில்லை. கலிஃபோர்னியா 2020 முதல் தண்டனை முடித்த பெரும்பாலோரை அனுமதிக்கிறது. ஒருமுறை கூண்டில் நின்றவருக்குத் தெரிந்த சில விஷயங்கள் ஜூரி அறையில் யாருக்கேனும் தெரிவது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

துப்பாக்கியில் மட்டும் நான் தயங்குகிறேன். 1968-லிருந்து கூட்டாட்சிச் சட்டம் ஃபெலனித் தண்டனை பெற்றவரின் கையில் துப்பாக்கி கூடாது என்கிறது. ஆனால் மாநிலம் குடிமை உரிமைகளைத் திருப்பிக் கொடுத்து, துப்பாக்கி கூடாது என்று தனியாகச் சொல்லாவிட்டால், அந்தத் தடை விலகிவிடலாம். அதாவது ஓட்டைக் கொடுக்கப்போய்த் துப்பாக்கியும் கூடவே போகலாம். சரி, உரிமையே பறிக்கப்படாதவருக்கு? எதையும் இழக்காதவருக்கு எதுவும் 'திரும்பவில்லை', எனவே தடை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லிவிட்டது. டென்னசி எதிர்த்திசையில் போனது: 2024-ல் அங்கே தேர்தல் அலுவலகம், முதலில் துப்பாக்கி உரிமையை வாங்கி வா, பிறகுதான் ஓட்டு என்றது. ஓட்டுச்சீட்டால் யாரையும் சுட முடியாது. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் தவறு; ஓட்டு வாசலிலேயே கிடைக்கட்டும், துப்பாக்கியை ஒரு நீதிபதி ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஃபுளோரிடாவின் வாக்காளர் விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது: நான் ஃபெலனித் தண்டனை பெற்றவன் அல்ல, பெற்றிருந்தால் என் ஓட்டுரிமை திரும்பக் கிடைத்துவிட்டது. சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். எந்த மாவட்டத்தில் எவ்வளவு பாக்கி, தன் குற்றம் எந்தப் பிரிவில் வருகிறது, எந்தத் தேதியில் கண்காணிப்பு முடிந்தது என்பதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியவர் அவர்தான். மேய்ன் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் கிடையாது.