கல்விக் காசு எங்கே நிற்கிறது? ஒன்பது வருடம் செய்தி பார்த்த அனுபவம்

"தம்பி, பள்ளிக்கூடங்களுக்குக் கோடிக்கணக்கில காசு ஒதுக்கியிருக்காம், பேப்பரில கிடக்கு. நம்மட கூரை எப்ப போடுற?"

வரவு செலவுத் திட்டம் வாசித்த மறுநாள் காலை என் கடைக்கு வருகிற யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போனதில்லை. ஒன்பது வருடமாகக் கேட்கிறார்கள். எங்கள் பாடசாலைக் கூரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுப்பது, இவைதான் வேலை. பிள்ளைகள் படிக்கிற பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் 2017இல் செயற்குழுவுக்குப் போட்டார்கள். கணினி தெரிந்தவன் என்பதால் "அரசாங்கம் என்ன தருது என்று பார்த்துச் சொல்லு" என்ற பொறுப்பும் கூடவே வந்தது. அன்றிலிருந்து கல்வி ஒதுக்கீடு, கொள்கை மாற்றம், சுற்றறிக்கை என்று எதையும் விடாமல் பின்தொடர்கிறேன். சம்பளமில்லாத உத்தியோகம். அயல் பாடசாலைச் சங்கத்துக்காரர் இரண்டு மூன்று பேர், எதைப் பாவிக்கிறாய், எது உதவுது, எது நேரத்தைத் தின்னுது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அதுக்காகத்தான் இது.

எனக்கு விளங்கவே மூன்று வருடம் எடுத்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டில் 10,000க்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன, அதில் மத்திய அரசின் கீழ் நேரடியாக இருக்கும் தேசிய பாடசாலைகள் 400ஐத் தாண்டவில்லை. (2021இல் 1000 தேசிய பாடசாலைகள் என்று பெரிதாகத் தொடங்கியும் இவ்வளவுதான்.) மற்றதெல்லாம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் கையில். ஆகவே "கல்வி அமைச்சுக்கு இத்தனை பில்லியன்" என்று பேப்பரில் வருகிற தலைப்பைப் பார்த்து எங்களைப் போன்ற மாகாணப் பாடசாலைக்காரர் துள்ளிக் குதிப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. பாடநூலும் சீருடைத் துணியும் அந்தப் பக்கத்திலிருந்து வரும், சரி. ஆனால் எங்கள் ஆசிரியர்களின் சம்பளம், எங்கள் கட்டடம், திருத்த வேலை எல்லாம் திறைசேரியிலிருந்து மாகாணத்துக்குப் போகும் நன்கொடைக்குள் இருக்கிறது. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்து, மாகாண நிர்வாகம் இருக்கிற திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கல்வி வலயத்துக்கு இறங்கி, வலயத்திலிருந்து பாடசாலைக்கு வரவேண்டும். அந்தப் பாதையில் எந்த இடத்தில் காசு நிற்கிறது என்று எந்தப் பேப்பரும் எழுதாது, ஏனென்றால் அது செய்தியே இல்லை.

இதில் கிழக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30உடன் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர் நிர்வாகம்தான். நான் செயற்குழுவுக்குப் போன அதே வருடம். "ஏன் எங்கட வலயத்துக்கு இவ்வளவுதான்?" என்று சபையில் எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர் இருந்தால் அந்தக் கேள்வியாவது பேப்பரில் வரும், அதையாவது வெட்டி வைத்திருக்கலாம்.

சரி, பாவித்த சாமான்களுக்கு வருவோம்.

பேஸ்புக்கும் வட்ஸ்அப் குழுக்களும். வேகத்துக்கு இவற்றை அடிக்க ஆளில்லை, நம்பகத்துக்கு நான் கொடுப்பது பத்துக்கு மூன்று. 2024 டிசம்பரில் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபாய் என்று செய்தி வந்தபோது எங்கள் குழுவில் "எல்லாப் பிள்ளைக்கும் 6,000" என்றுதான் பரவியது. முதலில் சொல்லப்பட்டது அஸ்வெசும என்கிற அரச நலன்புரி உதவி பெறுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. மறுகாதான் மற்ற வறிய பிள்ளைகளையும் சேர்க்கிற ஏற்பாடு வந்தது. நடுவில் அந்தச் சில நாட்கள் எங்கள் அதிபர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். தாய்மார் வாசலில் நிற்கிறார்கள், மனிசனிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை, இல்லை என்று சொன்னால் "நீங்க மறைக்கிறீங்க" என்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு சட்டம் போட்டேன்: சுற்றறிக்கையின் இலக்கமும் திகதியும் தெரிகிற படம் இல்லாமல் காசுச் செய்தி போடக்கூடாது. ஒரு மாதம் எல்லாரும் கோபித்துக்கொண்டார்கள், இப்போது பழகிவிட்டது.

கொள்கைச் செய்தியிலும் இதே கதைதான். 2026 ஜனவரியிலிருந்து 5 முதல் 13ஆம் தரம் வரை பாடசாலை பிற்பகல் 2 மணி வரை என்றார்கள். எங்கள் பக்கம் பஸ் நேரம் தெரிந்தவர்களுக்கு அந்த அரை மணித்தியாலம் என்ன என்று விளங்கும், டவுனிலிருந்து வருகிற ரீச்சர்மாரில் பாதிப் பேர் பின்னேர பஸ்ஸை விட்டுவிடுவார்கள். கூட்டம் கூட்டிக் கடிதமெல்லாம் எழுதினோம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது, டிசம்பரில் பழையபடி 1.30தான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே 6ஆம் தரத்துப் புதிய பாடத்திட்டமும் 2027க்குத் தள்ளிப்போனது. நாங்கள் எழுதிய கடிதம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, தேவைப்பட்டால் திகதியை மாற்றி அனுப்பலாம்.

தேடுபொறியில் சொல்லைக் கொடுத்து வைத்தால் அந்தச் சொல் வருகிற செய்தியை மின்னஞ்சலில் அனுப்புகிற வசதி இருக்கிறதே, அதைத் தமிழில் இரண்டு வருடம் ஓடவிட்டேன். "கல்வி" என்று கொடுத்தால் தமிழ்நாட்டுச் செய்தி வெள்ளமாக வரும். "மட்டக்களப்பு கல்வி வலயம்" என்று கொடுத்தால் விளையாட்டுப் போட்டிப் படங்கள் வரும். நிறுத்திவிட்டேன்.

எனக்கு உண்மையில் உழைத்தது திறைசேரி வெளியிடுகிற வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டுப் புத்தகம்தான். தடித்த பீடிஎஃப், மூன்று மொழியிலும் தலைப்பு இருக்கும், திறந்தால் கடை கணினி ஒரு நிமிடம் மூச்சு வாங்கும். முதல் தடவை பார்த்தவனுக்கு இலக்கக் காடு மாதிரித் தெரியும். ஆனால் ஒரே ஒரு பழக்கம் வந்தால் போதும், எல்லாரும் பார்க்கிற இந்த வருட மதிப்பீட்டை விட்டுவிட்டு, இடது பக்கம் இருக்கிற, கணக்கு முடிந்த வருடத்து உண்மைச் செலவு என்ற நிரலுக்குப் போங்கள். அங்கேதான் கதை இருக்கிறது. எழுதியது எவ்வளவு, கடைசியில் செலவானது எவ்வளவு என்று இரண்டு வருடப் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீண்டுவரும் செலவு பெரும்பாலும் சொன்னபடி போயிருக்கும், சம்பளத்தை நிறுத்த ஏலாதே. கட்டடம், திருத்த வேலை போன்ற மூலதனச் செலவில்தான் கத்தி விழுந்திருக்கும். எங்கள் கூரை மூலதனத்துக்குள் இருக்கிறது.

2022 அதற்கு நல்ல உதாரணம், நல்ல என்று சொல்லக்கூடாது. அந்த வருட ஒதுக்கீடு 2021 டிசம்பரிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறியாயிற்று. ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, அதோடு அரச செலவைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கையும் வந்தது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே பின்போன காலம் அது. சட்டத்தில் காசு இருந்தது, பெட்டியில் இல்லை. ஒதுக்கீடு என்பது ஒன்று, கட்டுநிதி (செலவழிக்கக் கையில் தருகிற காசு) விடுவிப்பது இன்னொன்று என்று அந்த வருடம்தான் எனக்குத் தலையில் ஏறியது. வலயத்தில் யாரிடமும் "ஒதுக்கியிருக்கா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் பதில் வரும். "கட்டுநிதி வந்திட்டுதா?" என்று கேளுங்கள், ஆள் நிமிர்ந்து பார்ப்பார்.

பீடிஎஃப் பற்றி இன்னொரு புலம்பல். பழைய அரச ஆவணங்கள் கனக்க பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில விசை எழுத்துகள். "மட்டக்களப்பு" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, 300 பக்கத்தில் எங்களுடைய மாவட்டமே இல்லை போல இருக்கும். முதல் முறை நான் உண்மையாகவே இல்லை என்று நினைத்துச் சங்கக் கூட்டத்தில் சத்தமும் போட்டுவிட்டேன், வெட்கக்கேடு. பிறகு கண்டுபிடித்த வழி, சொல்லைத் தேடாமல் இலக்கத்தைத் தேடுவது. கல்வி அமைச்சின் செலவுத் தலைப்பு 126. அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த எழுத்துருவாக இருந்தாலும் வந்து நிற்கும்.

பாராளுமன்றப் பேச்சுகளை அச்சிடுகிற ஹன்சாட்டும் பார்க்கிறேன், குழுநிலை விவாதத்தில் கல்வி அமைச்சு எடுக்கப்படுகிற நாளுக்கு மட்டும். அதில் யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில்தான் அச்சில் இருக்கும். எங்கள் உறுப்பினர் தமிழில் கேட்ட கேள்வி தமிழில் இருக்கும், பதில் சிங்களத்தில் இருக்கும். கேள்வியை நான் வாசிப்பேன், பதிலை அம்பாறையில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் குரல் பதிவாக அனுப்புவான். கேள்வியை விடப் பதில் எப்போதும் நீளம், விஷயம் எப்போதும் குறைவு என்பது அவனுடைய கருத்து.

இடையில் ஒரு வெளிநாட்டுக் கதை. என் ஒன்றுவிட்ட அக்கா அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிறா. மகனுக்கு ஓட்டிசம். அங்கே பெற்றோர் சங்கம் ஒன்றில் சேர்ந்து, கூட்டாட்சி அரசு விசேட கல்விக்குத் தருகிற காசைப் பின்தொடர்வதுதான் அவவின் இரவு வேலை. 2025 மார்ச் 20 அன்று கல்வித் திணைக்களத்தை மூடச் சொல்லி ஜனாதிபதி ஆணையில் கையெழுத்துப் போட்ட செய்தி வந்தபோது, அழுதுகொண்டு எனக்கு கோல் எடுத்தா. ஒரு கிழமை கழித்து அவவே விளக்கம் சொன்னா: அந்தத் திணைக்களம் 1979இல் காங்கிரஸ், அதாவது அவர்களின் பாராளுமன்றம், போட்ட சட்டத்தால் வந்தது, காங்கிரஸ் இல்லாமல் முற்றாக மூட முடியாது, ஆனால் ஆட்களைக் குறைக்கலாம், அதைத்தான் பார்க்கவேண்டும் என்று. ஒக்டோபர் 1 அவர்களுக்கு நிதி வருடம் பிறக்கிற நாள், அன்றைக்கே செலவுச் சட்டம் நிறைவேறாமல் அரசு முடங்கி 43 நாள் கிடந்தது. ஆனால் எனக்கு மனதில் நின்றது இன்னொன்று. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான சட்டத்தை 1975இல் கொண்டுவந்தபோது, மேலதிகச் செலவில் 40 வீதம் வரை கூட்டாட்சி அரசு தரும் என்று கணக்கு வைத்தார்கள், அரை நூற்றாண்டாகியும் ஒரு வருடம்கூட அந்த 40ஐத் தொடவில்லை. "உங்கட நாட்டிலயுமா?" என்று கேட்டேன். "இங்க அதை அட்டவணை போட்டு எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிருக்கிறாங்கடா, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றா.

அந்த அட்டவணையை நானும் போடத் தொடங்கினேன். பெரிய மென்பொருள் ஒன்றுமில்லை, ஒரு சீ.ஆர். கொப்பி. நாலு நிரல்: அறிவிப்பு வந்த திகதி, சுற்றறிக்கை இலக்கம், வலயத்துக்கு வந்த திகதி, பாடசாலைக்கு வந்த திகதி. முதல் நிரல் வேகமாக நிறையும், நாலாவதில் வெற்றிடம் அதிகம். கணினியில் செய்யலாமே என்று மகள் கேட்கிறாள். கூட்டத்தில் கொப்பியைத் தூக்கிக் காட்டினால் அதிகாரிகள் பார்க்கிறார்கள், போனைத் தூக்கிக் காட்டினால் பார்ப்பதில்லை, என் அனுபவம் அது.

நாலாவது நிரலை நிரப்ப இருக்கிற ஒரே கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் காசு இல்லை, ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கொடுத்தவுடன் பற்றுச்சீட்டு தரவேண்டும், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். எழுத்தில் இவ்வளவு. நடைமுறையில் நான் போட்டவற்றில் பாதிக்குத்தான் முதல் தடவையில் ஒழுங்கான பதில் வந்தது. ஓர் அலுவலகத்தில் பற்றுச்சீட்டு கேட்டதற்கு "இது என்ன கடையா?" என்றார்கள். இன்னோர் இடத்தில் கேள்வியை மாற்றி விளங்கிக்கொண்டு ஐந்து வருடத்துச் சீருடைக் கணக்கை அனுப்பினார்கள், நான் கேட்டது மலசலகூடம்.

கேட்கிற விதத்திலும் பிழை இருந்தது, அதையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் "ஏன் எங்கள் பாடசாலை புறக்கணிக்கப்படுகிறது?" என்று எழுதினேன். "ஏன்" என்பதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது. இப்போது எழுதுவது இப்படி: இன்ன வருடம் இன்ன திட்டத்தில் இந்த வலயத்துக்கு ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, திகதி, பாடசாலை வாரியான பட்டியலின் பிரதி. ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். பதில் வராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆணைக்குழு வரை நான் போனது ஒரே ஒரு தடவை, கடிதம் போன கிழமையே இங்கே கோப்பு கிடைத்துவிட்டது.

கூரைக்கு வருவோம். இந்த வருடம் தொடக்கத்தில் கேட்டதற்கு, எங்கள் பாடசாலையின் பெயர் திருத்த வேலைப் பட்டியலில் இருக்கிறது, மதிப்பீடு தயாரித்த அலுவலர் மாற்றலாகிப் போனதால் கோப்பு வேறு பிரிவில் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வேறு பிரிவுக்கு அடுத்த விண்ணப்பம் போட்டாயிற்று, பற்றுச்சீட்டும் தந்தார்கள், இந்தத் தடவை கடையா என்று கேட்கவில்லை. வேலை நாளாக எண்ணினால் வருகிற வியாழன் பதினாலு.