மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள சமையல் வேலை ஏஜென்சி

போன மாதம் கறி தோசை மாஸ்டர் வேலை தேடி இங்கே பதிந்தேன். பதிவுக்கு 500 ரூபாய், அப்புறம் முதல் மாதச் சம்பளத்தில் பாதி. அதிகம்தான். முதலில் அனுப்பிய கடையில் மாஸ்டர் வேலையே இல்லை, பாத்திரம் கழுவத்தான் ஆள் தேடினார்கள். ஒரு நாள் வீண், அவ்வளவு வயிற்றெரிச்சல். ஆனால் போய்ச் சொன்னதும், அன்று சாயங்காலமே அண்ணாநகரில் வேறொரு கடைக்கு ட்ரயல் பேசிக் கொடுத்தார் ஏஜென்சி அண்ணன். அங்கே முதலாளி பயோடேட்டாவைப் பார்க்கவே இல்லை, "கல்லுல நில்லு தம்பி" என்றார். கனமாக மாவு ஊற்றி, மேலே முட்டை, அது இறுகுவதற்குள் கொத்துக்கறியைப் பரப்பி, மிளகுத்தூள் தூவி, கறி சிந்தாமல் ஒரே திருப்பு. மூன்றாவது தோசையைப் பிய்த்துத் தின்றவர், நாளையிலிருந்து வந்துவிடு என்றார்.

சம்பளம், பேட்டா, தங்குமிடம் மூன்றையும் அண்ணன் எழுதியே வாங்கித் தந்தார், அதற்காகவே தாராளமாகப் போகலாம். போகும் முன் மருத்துவச் சான்றிதழை எடுத்து வையுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் ஆட்களுக்கு வருடம் ஒருமுறை பரிசோதனை கட்டாயம். அது இல்லாமல் எனக்கு 4 நாள் தள்ளிப்போனது.