காசு கொடுத்து வரிசை தாண்டுவதா? பரிஸ், ஒர்லாண்டோ, சிங்கப்பூர்: மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட எங்கள் கொம்யூனிகேஷன் கடை. கடவுச்சீட்டுப் படிவம், ரயில் ஆசனப் பதிவு, விசா விண்ணப்பம் என்று வருகிற வேலைகளோடு கொஞ்சக் காலமாக இன்னொரு கேள்வியும் வருகிறது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களும், அங்கேயே இருக்கிற சொந்தக்காரரும் கேட்கிறார்கள்: "டிஸ்னிக்குப் போறம். லைனில நிக்காமல் போற பாஸ் எடுக்கலாமோ?" போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. எந்த ஊர், எந்த மாதம், யார் யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

என் முடிவை முதலே சொல்கிறேன். பரிஸில் ஒன்றிரண்டு சவாரிக்கு மட்டும் வாங்குங்கள். அமெரிக்காவின் ஒர்லாண்டோ டிஸ்னியில் வாங்குங்கள், ஆனால் நேரத்தைத் திட்டமிட்டு வாங்குங்கள். சிங்கப்பூரில் டிஸ்னி இல்லை, யுனிவர்சல் ஸ்ரூடியோஸ்தான்; அங்கே போகிற மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் விற்கும் ஆக விலை கூடிய பாஸ் மட்டும் நம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இந்தப் பாஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு சவாரியில் ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற கணக்கு உண்டு. பாஸ் விற்றாலும் அது கூடாது. பாஸ்காரரின் வரிசையும் சும்மா நிற்பவர்களின் வரிசையும் ஏறுமிடத்துக்குச் சற்று முன்னால் ஒன்றாகச் சேரும். அங்கே நிற்கும் ஊழியர் பாஸ்காரரில் நிறையப் பேரை விட்டுவிட்டு, மற்ற வரிசையிலிருந்து கொஞ்சப் பேரை விடுவார். நீங்கள் மிச்சம் பிடித்த நேரத்தை அந்த வரிசையில் நிற்கிற யாரோ நின்று கொடுக்கிறார்.

2022இல் ஏ9 வீதிக் கரையில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வாகனங்களை நிறுத்திவிட்டுக் கிடந்தோமே, பிறகு ஜூலையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தது. காசுள்ளவரின் மோட்டார் சைக்கிளுக்கும் இல்லாதவரின் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே அளவு. டிஸ்னி 1999இல் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸும் அந்த மாதிரித்தான் இருந்தது. இலவசம். மெஷினில் ரிக்கற்றைப் போட்டால் நேரம் அடித்த துண்டொன்று வரும், அந்த நேரத்துக்குத் திரும்பி வந்து ஏறலாம். ஒர்லாண்டோவில் அது பிறகு போனுக்கும் கைப்பட்டிக்கும் மாறியது. கொரோனாவோடு நின்றது. 2021இல் திரும்பி வந்தபோது காசு கேட்டது: ஒர்லாண்டோவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டொலர், பரிஸில் ஒரு சவாரிக்கு 8 முதல் 15 யூரோ வரை. பழைய முறைதான் நியாயமானது என்பது என் எண்ணம். தோக்கியோ டிஸ்னியில் 2023இல் இலவசப் பாஸ் ஒன்றையும் காசுப் பாஸோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களும் அப்படிச் செய்யவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பரிஸ்

போன ஆகஸ்டில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். லாச்சப்பலிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே ரயில் எடுத்து சாத்லேயில் இறங்கி ஏ தடத்துக்கு மாறினால், கடைசித் தரிப்பு டிஸ்னிலாண்ட். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பூங்கா வாசல்.

அங்கே இரண்டு வகைப் பாஸ். பிரீமியர் அக்சஸ் வன் என்பதை அன்றைக்கே போனில் வாங்கலாம். ஒரு ஆள், ஒரு சவாரி, ஒரு நேரம். பிரீமியர் அக்சஸ் அல்டிமேட் என்பது சேர்த்து வாங்குவது. அதில் உள்ள ஒவ்வொரு சவாரியிலும் ஒரு தடவை, விரும்பிய நேரத்தில் ஏறலாம். 2022இல் அது 90 யூரோவில் தொடங்கியது, கூட்ட நாட்களில் நன்றாக ஏறும்.

அத்தான் அல்டிமேட்தான் எடுப்போம் என்று நின்றார். "அம்மா வாழ்க்கையில ஒருக்காத்தானே இஞ்ச வாறா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நாங்கள் ஆறு பேர். ஆகக் குறைந்த விலைக்கே 540 யூரோ. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சின்னவனுக்கு நாலு வயது. அவர்கள் இரண்டு பேரும் ஏறக்கூடியவற்றில் பல, படகில் இருந்து பார்க்கிற மாதிரியானவை. படகுகள் நிற்காமல் வந்துகொண்டிருப்பதால் அந்த வரிசைகள் தானாகவே நகரும். பீற்றர் பான் அப்படியில்லை. பறக்கிற சின்னக் கப்பல் ஒவ்வொன்றிலும் கொஞ்சப் பேர்தான் கொள்ளும், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குத்தான் வருவார்கள். பாஸுக்குக் காசு போகவேண்டிய இடம் அது.

அன்று திறக்கிறதுக்கு முக்கால் மணித்தியாலம் முன்னாலேயே வாசலில் நின்றோம். உள்ளே போய் முதல் ஒரு மணித்தியாலத்தில் மூன்று சவாரி, ஒரு சதம் கொடுக்காமல். பத்தரைக்குப் பிறகு கூட்டம் ஏறியது. பீற்றர் பான் பலகையில் 60 நிமிடம் என்று வந்ததும் ஆறு பேருக்கும் வாங்கினேன். எங்கள் நேரம் வந்து மற்ற வாசலால் நுழையும்போது அம்மா நின்றுவிட்டா. "இவ்வளவு சனம் நிக்குது பிள்ளை, நாங்கள் எப்பிடி முன்னுக்குப் போறது?" 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் விடியப் புறப்பட்டு, தண்ணீர்க் கானுக்குப் பின்னால் கான் வைத்து மத்தியானம் வரை நின்ற மனுசி அவ. வரிசையில் முந்துகிறவர்களை அவவுக்கு அங்கேயே பிடிக்காது. அக்கா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. பத்து நிமிடத்தில் ஏறினோம். இருட்டில் லண்டன் வெளிச்சங்களுக்கு மேலால் கப்பல் போனபோது அம்மா சின்னவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தா. அந்தக் காசு வீண் போகவில்லை.

அடுத்து நான் விட்ட பிழை. பிக் தண்டர் மவுண்டன் ரயிலுக்கு, அம்மாவை விட்டு மற்ற ஐந்து பேருக்கும் வாங்கினேன். அதற்கு 102 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். வாசலில் அளவுக் கம்பத்தில் நிறுத்தினால் சின்னவனின் தலை கோட்டுக்கு மூன்று விரல் கீழே. அவனுடைய பாஸ் போனது. அவன் அழுத அழுகையை இப்போதும் மறக்க முடியவில்லை. அங்கே இருந்த பெண் ஊழியர்தான் பேபி சுவிச் என்ற முறையைச் சொன்னா. பெற்றோரில் ஒருவர் ஏற மற்றவர் பிள்ளையோடு நிற்பார், பிறகு திரும்ப வரிசையில் நிற்காமல் இடம் மாறிக்கொள்ளலாம். காசில்லை. சின்னப் பிள்ளை உள்ள குடும்பம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது இதைத்தான்.

வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். கால் இழந்தவர்கள், கண் பார்வை போனவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பரிஸ் டிஸ்னியில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை அட்டை உண்டு, இலவசம், கூடப் போகிறவர்களுக்கும் வழி விடுவார்கள். ஆனால் அத்தாட்சி கேட்பார்கள். எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்ற பட்டியலைப் பார்த்து, வைத்தியச் சான்றிதழை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒர்லாண்டோவில் இதை நம்பிப் போகவேண்டாம். 2024இல் அங்கே விதியை இறுக்கி, ஓட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

ஒர்லாண்டோ

பரிஸில் அன்றைக்கு முடிவெடுத்தால் போதும். ஒர்லாண்டோவில் நாட்களுக்கு முன்னமே எழும்பி இருக்கவேண்டும். 2024 ஜூலையில் அங்கே முறை மாறியது, பெயரும் லைட்னிங் லேன் மல்ரி பாஸ் என்று ஆனது. ஒரு பூங்காவில் மூன்று சவாரிகளை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். டிஸ்னியின் சொந்த ஹொட்டலில் தங்குபவர்களுக்கு 7 நாள் முன்னால் திறக்கும், வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள் முன்னால். இரண்டுக்கும் அங்கத்தைய காலை 7 மணி. மிக அதிக கிராக்கியுள்ள ஒன்றிரண்டு சவாரி இதில் சேராது. அனிமல் கிங்டம் பூங்காவில் ஃபிளைட் ஒஃப் பசேஜ் போன்றவற்றுக்குச் சிங்கிள் பாஸ் என்று தனியாக வாங்கவேண்டும்.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பாவின் மகள் மார்ச் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கார் ஓடிப் போனாள். பூங்காவுக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னால், காலை 7 மணிக்கு அவள் வழியில் எங்கேயோ ஒரு மோட்டலில். எங்களுக்குப் பின்னேரம் 4.30. குளிர்காலமென்றால் 5.30 ஆகியிருக்கும். நான் கடையில் இருந்து பட்டியலை வாசிக்க, அவள் போனில் அமத்தினாள்.

பட்டியல் போடும்போதுதான் இரண்டு வழிகள் மோதின. "பெரிய சவாரி மூண்டையும் பிடிப்பம் அக்கா, எத்தினை மணி எண்டாலும் பரவாயில்லை" என்பது அவள் வழி. காலையில் முடிகிற மூன்றைப் பிடிப்போம் என்பது என் வழி. மஜிக் கிங்டம் பூங்காவில் சவாரிகளை இரண்டு தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், பெரியவை முதல் தொகுதியில். அதிலிருந்து ஒன்றுதான் எடுக்கலாம், மற்ற இரண்டும் இரண்டாம் தொகுதியிலிருந்து. ஆகவே மூன்றையும் பெரியதாக எடுக்க வழியே இல்லை. அதைவிட முக்கியமானது, ஒன்றைப் பாவித்தவுடன் இன்னொன்றைப் பதியலாம் என்ற விதி. முதலாவது பதிவு பின்னேரம் 3 மணிக்கு என்றால் அதுவரை நாலாவதை எடுக்க முடியாது. முதலாவது காலை பத்துக்கு என்றால், அங்கே ஏறின கையோடு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது என்று சங்கிலி மாதிரிப் போகும். அதற்காகத் திறந்த உடனேயே வைப்பதும் பிழை. முதல் மணித்தியாலம் வரிசையே குறைவு, அந்த நேரத்துக்குப் பாஸைப் பாவிப்பது காசை எறிவது. திறந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தொடங்கவேண்டும். அவள் அப்படிச் செய்தாள். அன்று இரவு அனுப்பிய குரல்பதிவில் எட்டுச் சவாரிகளை எண்ணிச் சொன்னாள்.

2024 அக்டோபரில் பிரீமியர் பாஸ் என்றொன்றும் வந்தது. நேரம் பதியத் தேவையில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு தடவை. மஜிக் கிங்டத்தில் கூட்ட நாளில் ஆளுக்கு 449 டொலர் வரை போனது. நாலு பேர் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. மேலே சொன்ன சங்கிலி முறையில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

சிங்கப்பூர்

எங்கள் ஆட்களுக்கு உண்மையில் எட்டக்கூடியது இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை, வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் ஒன்லைனில் நிரப்பினால் சரி. கொழும்பிலிருந்து நாலு மணித்தியாலப் பறப்பு. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்ரூடியோஸ்.

அங்கே எக்ஸ்பிரஸ் பாஸ் இரண்டு வகை: சேர்த்துள்ள ஒவ்வொரு சவாரியிலும் ஒரு தடவை ஏறுவது, எத்தனை தடவையும் ஏறுவது. நேரம் பதிகிற தலையிடி இல்லை. ஆனால் வாங்கவேண்டுமா என்பதை நாட்காட்டிதான் சொல்லும். சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூனிலும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய வரையும். எங்கள் பிள்ளைகளுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். அதனால் ஆகஸ்டில், 9ஆம் திகதி அவர்களின் தேசிய தினத்தையும் அதை ஒட்டிய நாட்களையும் விட்டு, ஒரு கிழமை நாளில் போனால் எக்ஸ்பிரஸ் இல்லாமலே சமாளிக்கலாம். டிசம்பரில் போனால் வாங்குங்கள். எத்தனை தடவையும் ஏறுகிற பாஸ் அப்போதும் வேண்டாம். ரோலர் கோஸ்டரில் இரண்டாம் தடவை ஏறுவதற்குள் பிள்ளைகளுக்குக் களைத்துவிடும்.

பின்னேர மழையையும் கணக்கில் எடுங்கள். இடி மின்னல் என்றால் திறந்தவெளிக் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள், கையில் எந்தப் பாஸ் இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். வெளியில் உள்ளவற்றை மத்தியானத்துக்குள் முடித்து, மம்மி, ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் போன்ற உள்ளே ஓடுகிறவற்றைப் பின்னேரத்துக்கு வையுங்கள்.

கனடாவின் வொண்டர்லாண்ட் பற்றியும் கேட்பார்கள். அங்கே ஃபாஸ்ட் லேன் என்ற கைப்பட்டி. பெரிய கோஸ்டர் பிரியர்களான இளம் ஆட்களுக்குச் சரி. அம்மம்மாவோடு போகிற குடும்பத்துக்குத் தேவையில்லை.

பரிஸிலிருந்து வந்த கையோடு கடை வாசல் நிலையில் பென்சிலால் நாலு கோடு போட்டேன்: 102, 122, 125, 140. கீழ்க்கோடு பிக் தண்டருக்கும் ட்ரான்ஸ்ஃபோமர்ஸுக்கும். 122 மம்மிக்கு, 125 சிங்கப்பூரின் இரட்டைக் கோஸ்டருக்கு, மேல்கோடு பரிஸின் இந்தியானா ஜோன்ஸுக்கு. பாஸ் கேட்டு வருகிறவர்களின் பிள்ளைகளைச் சப்பாத்தோடு அங்கே நிறுத்துகிறேன். போன கிழமை விசுவமடுவிலிருந்து ஒரு தாய் மகனோடு வந்தா, டிசம்பரில் சிங்கப்பூர். பெடியன் 121. முதுகை நிமிர்த்தி, குதிக்காலைத் தூக்காமல் நின்றான். டிசம்பருக்குள் அந்த ஒரு சென்ரிமீற்றர் வந்துவிடும், மம்மியில் ஏறுவான். இரட்டைக் கோஸ்டர் இந்த முறை இல்லை என்று அவனுக்கே விளங்கச் சொன்னேன். தாய்க்கும் மகனுக்கும் ஒரு தடவைப் பாஸ், தகப்பனுக்கு அதுவும் வேண்டாம், தனியாள் வரிசை (தனியாகப் போய் வெறும் ஆசனத்தை நிரப்புகிறவர்களின் வரிசை) இருக்கிற சவாரிகளில் அவர் அதாலேயே ஏறட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.